பூட்டி போட்டோவுல இருக்க அலை முடி, நீளக் கூந்தலுக்கு வருமா?

பாளை_பார்லர்:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில சின்னதா ஒரு பார்லர் வச்சிருக்கேன், கல்யாணப் பொண்ணு அலங்காரம் தான் அதிகமா செய்யுதேன். மே மாசம் ஒரு கிறிஸ்தவக் கல்யாணம் வருது, பொண்ணு நாசரேத் பக்கம். அந்தப் பொண்ணு ஒரு பழைய போட்டோ கொண்டாந்து காட்டுச்சு, அவங்க பூட்டியோட கல்யாணப் போட்டோவாம், கொழும்புல எடுத்தது, அந்தக் காலத்துல அவிய குடும்பம் அங்க யாவாரம் பண்ணிட்டு இருந்துருக்கு. பூட்டி சேலை தான் கட்டியிருக்காங்க, கழுத்து வரைக்கும் மூடுன லேஸ் பிளவுஸ், தலையில நடு வகிடு, வகிட்டுக்கு ரெண்டு பக்கமும் வரி வரியா அலை, அது காதுக்கு மேல பாதி மூடி பின்னால போயி கழுத்துக்கிட்ட தாழ்வா ஒரு கொண்டையில முடியுது. எவ்வளவு அழகு தெரியுமா. அதே மாதிரி தான் வேணும்னு பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கு.

நான் டாங் (முடிய சுருட்டுத சூட்டுக் கம்பி) வச்சி செஞ்சி பாத்தேன், சுருள் சுருளா தொங்குதே தவிர அந்த தட்டையான அலை வர மாட்டேங்கு, அதுவும் கொஞ்ச நேரத்துல இறங்கிருது. யூடியூப்ல ஃபிங்கர் வேவ்னு தேடுனா எல்லா வீடியோவும் கழுத்தளவு வெட்டுன முடிக்கு தான் இருக்கு. இந்தப் பொண்ணுக்கு இடுப்பு வரைக்கும் முடி, நல்ல அடர்த்தி, ரெண்டு வருசம் முன்ன ரீபாண்டிங் (மருந்து போட்டு முடிய நேராக்குதது) பண்ணியிருக்கு. வெட்டுற பேச்சே கிடையாது, அவங்க அம்மா அதக் கேட்டாலே கண்ண கசக்குவாங்க.

அந்தக் காலத்துல கரண்ட் கூட சரியா இல்லாத நாள்ல இத எப்பிடி செஞ்சாங்க, நீளமுடிக்கு செய்ய வழி இருக்கா, காலைல சர்ச்சு, மத்தியானம் ஏசி இல்லாத மண்டபம், நம்ம ஊரு மே மாச வெயில்ல இது நிக்குமா? பொருள் சப்ளை பண்ணுத ஒருத்தர் முன்பக்கம் மட்டும் பெர்ம் (மருந்து போட்டு நிரந்தரமா நெளி வைக்கது) பண்ணிருங்க கவலையே இல்லன்னு சொல்லுதாரு, அது சரியா வருமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கொக்கிரகுளம்_மைனி:

தங்கச்சி, மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கோ. நீ செய்யுதது சுருள், அந்தப் போட்டோவுல இருக்கது அலை, ரெண்டுக்கும் கை வேலையே வேற. சுருளுக்கு முடிய கம்பிய சுத்தி சுத்தி உருட்டணும், அது தலைய விட்டு விலகி தொங்கும். அலை அப்பிடி இல்ல, தலையோட ஒட்டி தட்டையாவே கெடக்கும், ஒரு வரி இடது பக்கம் சாயும் அடுத்த வரி வலது பக்கம் சாயும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு மேடு நிக்கும். நம்ம தாமிரவருணியில தண்ணி வத்துன பொறவு மணல் வரி வரியா கெடக்கும்லா, அந்த மாதிரி. டாங்ல உருட்டிக்கிட்டே இருந்தா எத்தன மணி நேரம் ஆனாலும் அது வராது.

யூடியூப்ல நீ பாக்கதும் உன் போட்டோவுல இருக்கதும் கூட ஒண்ணு இல்ல. பாரீஸ்ல மார்செல் கிராட்டோன்னு ஒரு முடி அலங்காரக்காரர் இருந்தாரு, 1870-கள்ல அவர் கண்டுபிடிச்சது தான் மார்செல் அலை. அவரோட இடுக்கியில ஒரு தாடை உருண்டைக் கம்பி, இன்னொரு தாடை அதுக்கு பொருந்துத மாதிரி குழிவான தகடு. காஸ் அடுப்புலயோ ஸ்பிரிட் விளக்குலயோ சூடு காட்டுவாங்க, கரண்டே வேண்டாம். சூடு சரியா இருக்கான்னு ஒரு பேப்பர்ல கடிச்சிப் பாப்பாங்க, பேப்பர் பழுத்துட்டுன்னா ஆற விடுவாங்க, இல்லன்னா முடி பொசுங்கிரும். அவருக்கு முன்னாடியும் இடுக்கி இருந்துச்சு, ஆனா எல்லாரும் நீ செய்யுத மாதிரி நுனியில இருந்து உருட்டிக்கிட்டு தான் இருந்தாங்க. இவரு என்ன பண்ணுனாருன்னா இடுக்கிய திருப்பிப் பிடிச்சி, முடிய உருட்டாம அழுத்தி ஒரு பக்கமா தள்ளி, கொஞ்சம் கீழ இறக்கி எதிர்ப்பக்கமா தள்ளி, இப்பிடி மேல இருந்து கீழ வரைக்கும் வரி வரியா இறங்குனாரு. பொறவியிலயே நெளி முடி உள்ளவங்களுக்கு இருக்க அலை மாதிரியே வந்துட்டு. பாரீஸ்ல பெரிய பெரிய நாடக நடிகைங்க எல்லாம் அவர்கிட்ட வந்து நின்னாங்க, அதுக்குப் பொறவு ஐரோப்பா அமெரிக்கான்னு ஓடிட்டு.

இதுல நீ கவனிக்க வேண்டிய விசயம் என்னன்னா அன்னைக்கி எல்லாப் பொம்பளைங்களுக்கும் நீளமுடி தான். முடிய வெட்டிப் போடுத பழக்கம் பெருசா பரவுனதே முதல் உலகப்போருக்குப் பொறவு, 1920-கள்ல. அதனால மார்செல் அலை நீளமுடிக்காகவே பொறந்தது. முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் அலையாக்கி, மிச்ச முடிய பின்னால கொண்டையா சுத்தி வைப்பாங்க. ஃபிங்கர் வேவ்ங்கது முடி வெட்டுன பொறவு வந்தது, ஈர முடியில பசை தடவி விரலாலயும் சீப்பாலயும் வரிய உண்டாக்கி காய விடுதது, 1920-களும் 30-களும் தான் அதுக்கு காலம். அப்ப தலைய ஒட்டி இறுக்கமா மூடுத தொப்பி ஃபேஷனா இருந்துச்சு, அதுக்குள்ள முடி புடைக்காம இருக்கணும்லா, அதுக்கு இந்த ஒட்டுன அலை தோதா அமைஞ்சிட்டு.

அதனால பொண்ணோட முடியில ஒரு இழை கூட வெட்ட வேண்டாம். அவிய பூட்டி வச்சிருக்கது முன்னால அலை, பின்னால நம்ம கொண்டை. அலை தேவைப்படுதது வகிட்டுல இருந்து காது தாண்டுத வரைக்கும் தான். அதுக்குக் கீழ இருக்க முடி எல்லாம் கொண்டைக்குள்ள போயிரும், அதுல கை வைக்கவே தேவை இல்ல. 1930-கள்ல பம்பாய் டாக்கீஸ் படங்கள்ல நடிச்ச தேவிகா ராணியோட போட்டோக்கள தேடிப் பாரு, வகிடு, அலை, பின்னால தாழ்வா முடிச்ச முடி. சேலைக்கும் அதுக்கும் அப்பிடி ஒரு பொருத்தம்.

செய்முறைய ராத்திரி எழுதுதேன், கடையில ஆள் வந்துருக்கு.

முறப்பநாடு_டீச்சர்:

நான் பார்லர்காரி இல்ல, ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி டீச்சர், பழைய அலங்காரம்னா எனக்கு உயிர், அதனால தான் எழுதுதேன். பெர்ம் பண்ணச் சொன்னவங்க பேச்சக் கேக்காதீங்க தயவு செஞ்சி. ஏன்னு சொல்லுதேன்.

முடிங்கது கெரட்டின்ங்குற புரதம். அதுக்குள்ள ரெண்டு வகையான பிணைப்பு நமக்கு முக்கியம். ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்பு, தண்ணி பட்டாலே விட்டுரும், சூட்டுலயும் விடும், காஞ்சாலோ ஆறுனாலோ எந்த வடிவத்துல முடி இருக்கோ அந்த வடிவத்துல திரும்ப பிடிச்சிக்கிடும். மார்செல் இடுக்கி, ஃபிங்கர் வேவ், நம்ம ராத்திரி ஈரமா பின்னிப் படுத்து காலைல அவுத்தா நெளியா வருதே அது, எல்லாம் இந்தப் பிணைப்ப வச்சி தான். அதனால தான் வேர்வை பட்டாலோ காத்துல ஈரம் இருந்தாலோ இறங்கிருது. இன்னொண்ணு கந்தகப் பிணைப்பு. அது தண்ணிக்கெல்லாம் அசையாது, ரசாயனம் போட்டு தான் உடைக்கணும். பெர்ம், ரீபாண்டிங் ரெண்டுமே அந்தக் கந்தகப் பிணைப்ப உடைச்சி மறுபடி ஒட்டுத வேலை தான், பெரும்பாலும் ஒரே குடும்பத்து மருந்து, ஒண்ணு வளைக்கும் ஒண்ணு நிமித்தும். ஒரு தடவ உடைச்சி ஒட்டுன முடிய திரும்பவும் உடைச்சா முடி பிஞ்சி கையோட வந்துரும். கல்யாணத்துக்கு முன்னாடி அந்த ரிஸ்க்க யாரும் எடுக்கக் கூடாது.

பெர்ம் கதையும் இதே காலத்துல தான் தொடங்குது, கேட்டா ஆச்சரியமா இருக்கும். கார்ல் நெஸ்லர்னு ஒரு ஜெர்மன்காரர், லண்டன்ல கடை வச்சிருந்தாரு, 1905-06 வாக்குல அவர் தான் நிரந்தர அலைன்னு ஒண்ண ஊருக்கு முன்னால செஞ்சி காட்டுனாரு. பித்தளை உருளை ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம், அதுல காரம் தடவுன முடிய சுத்தி 100 டிகிரிக்கு மேல சூடு ஏத்துவாரு, தலைத்தோல்ல படாம இருக்க மேல இருந்து எதிர் எடை கட்டி தொங்க விட்டுருப்பாரு, ஆறு மணி நேரம் அந்தம்மா அசையாம உக்காந்துருக்கணும். மொதல்ல அவரு பரிசோதிச்சது சொந்த பொண்டாட்டி தலையில, முடியும் போச்சு தலைத்தோலும் வெந்துட்டு, ஆனாலும் அந்தம்மா மறுபடி தலைய கொடுத்துருக்காங்க. அந்தப் பொறுமைய நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு கனத்துரும். பொறவு 1928-ல அமெரிக்காவுல சிகாகோவுல மார்ஜோரி ஜாய்னர்னு ஒரு கறுப்பினப் பெண்மணி, பல கம்பிகள ஒரே நேரத்துல சூடேத்துத பெர்ம் மிசினுக்கு பேட்டன்ட் வாங்குனாங்க. 1938-ல ஆர்னல்ட் வில்லட்ங்கிறவரு சூடே இல்லாம மருந்த மட்டும் வச்சி செய்யுத குளிர் பெர்ம் கொண்டு வந்தாரு, இன்னைக்கி நம்ம ஊர் பார்லர்ல இருக்கது அந்த வழி தான்.

ஆனா உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூட வளரும். ரீபாண்டிங் பண்ணி ரெண்டு வருசம் ஆயிட்டுன்னா வேர்ல இருந்து 25 சென்டிமீட்டர் வாக்குல புது முடி வந்துருக்கும், அதுல மருந்தே படல. மைனி சொன்ன கணக்குப்படி உங்களுக்கு அலை வேண்டியது வகிட்டுல இருந்து காது வரைக்கும் தான், அந்த 25-க்குள்ள அது முடிஞ்சிரும். டாங் போட்டப்ப நீங்க கீழ்ப்பாகத்துல போட்டிருப்பீங்க, ரீபாண்டிங் பண்ணுன முடி எந்த வளைவையும் பிடிச்சி வைக்காது, அதனால இறங்கியிருக்கும். மேல் பாகத்துல செஞ்சி பாருங்க, நிக்கும்.

பாளை_பார்லர்:

மைனி, டீச்சர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்னது சரி தான், நான் காதுக்குக் கீழ இருந்து தான் சுத்துனேன், மேல தொடவே இல்ல. வேர்ப்பக்கம் உள்ள முடிய இன்னைக்கி போட்டோ அனுப்பச் சொல்லி பாத்தேன், லேசா நெளிவு தெரியுது, நுனி தான் கோடு கணக்கா நிக்கு. பெர்ம் கிடையாதுன்னு சொல்லியாச்சு.

இன்னொரு சந்தேகம். அந்தப் போட்டோவுல அலை ரொம்ப ஒழுங்கா இருக்கு, ரெண்டு பக்கமும் அச்சு அடிச்சாப்ல. அந்த அளவுக்கு கையால வருமா? மூணு பேரல் (சூடாகுத உருளை) பக்கத்துல பக்கத்துல உள்ள அயர்ன் ஒண்ணு கடையில பாத்தேன், அது வாங்கலாமா? காசு கூட, அதான் யோசிக்கேன்.

தூத்துக்குடி_பழையபடம்:

தாயி, நான் பழைய போட்டோ சேக்குத ஆளு, முடி பத்தி ஒண்ணும் தெரியாது, போட்டோ பத்தி சொல்லுதேன். அந்தக் காலத்துல கொழும்புக்கும் நம்ம பக்கத்துக்கும் போக்குவரத்து அவ்வளவு உண்டு. 1914-ல தனுஷ்கோடி தலைமன்னார் பாதை வருததுக்கு முன்ன மெட்ராஸ்ல இருந்து ரயில்ல வந்து தூத்துக்குடியில கப்பல் ஏறித் தான் கொழும்பு போவாங்க. திருநெல்வேலிச் சீமைக் குடும்பங்க எத்தனையோ அங்க கடை வச்சிருந்தாங்க. கொழும்பு பெரிய துறைமுகம், சீமையில இருந்து வருத கப்பல் எல்லாம் நிக்குத எடம், அங்க வந்த ஃபேஷன் நம்ம வீட்டுப் பொம்பளைங்க தலைக்கு வந்ததுல ஆச்சரியமே இல்ல.

அந்தப் படத்த அப்பிடியே நம்பி அளவு எடுக்காதீங்க. அன்னைக்கி ஸ்டுடியோக்கள்ல கண்ணாடித் தகடு தான் நெகட்டிவ். ரீடச் பண்ணுதவங்க கூர்மையான பென்சில வச்சி அந்த நெகட்டிவ்லயே முகத்துச் சுருக்கத்த எடுப்பாங்க, தாடையச் சீர் பண்ணுவாங்க, முடிக்கு மினுக்கு ஏத்துவாங்க. நெகட்டிவ்ல பென்சில் பட்ட எடம் பிரின்ட்ல வெளுப்பா விழும். அதனால அலை மேட்டுல தெரியுத அந்த வெள்ளை மினுக்கு பாதி அவங்க கைவேலையா இருக்க வாய்ப்பு உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஒரிஜினல் அட்டைய நல்ல ஸ்கேனர்ல பெருசா ஸ்கேன் பண்ணி, முடி எங்க முடிஞ்சி பின்னால உள்ள திரை தொடங்குதோ அந்த ஓரத்தப் பாருங்க. ஓரமும் ஏறி இறங்கி அலையா இருந்தா முடி நெசமாவே அலை. ஓரம் வழவழன்னு நேரா இருந்து உள்ள மட்டும் வரி தெரிஞ்சா அது பென்சில். போன்ல எடுத்த படத்துல இதெல்லாம் தெரியாது.

பூட்டி போட்டிருக்க லேஸ் பத்தி ஒரு வார்த்தை. இடையன்குடியில கால்டுவெல் ஐயரோட மனைவி எலைசா அம்மா நம்ம பொண்ணுங்களுக்கு லேஸ் பின்ன சொல்லிக் கொடுத்து அது பெரிய கைத்தொழிலா வளந்துச்சு, அவங்க பொறந்த வீடு நாகர்கோவில் மிஷன், அவங்க அம்மா அங்க தொடங்கி வச்ச வேலை அது. அந்த பிளவுஸ் லேசு நம்ம ஊர்ல பின்னுனதா இருந்தா அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெருமை. துணி யாராவது எடுத்து வச்சிருந்தா பத்திரமா வைக்கச் சொல்லுங்க. அட்டைக்கு அடியில ஸ்டுடியோ பேரு அழுத்தி அடிச்சிருக்கும், அத வச்சி வருசத்த ஓரளவு நெருங்கிரலாம்.

தென்காசி_மேக்கப்:

நாடகத்துக்கும் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கும் மேக்கப் போடுதேன். மைனி சொன்ன வரலாறு எல்லாம் சரி, ஆனா அயர்ன் வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். மே மாசம், ஏசி இல்லாத மண்டபம், நெத்தியில வேர்வை வழியும், சூட்டுல போட்ட அலை மொதல்ல போறதே நெத்திப்பக்கம் தான். ஈரத்துல பசை போட்டு காயவச்ச அலைக்கு மேல ஒரு மெல்லிசு ஓடு மாதிரி படிஞ்சிரும், அது வேர்வைக்கு சீக்கிரம் அசையாது.

கடை ஜெல்லு வேண்டாம், வெள்ளை வெள்ளையா உதிரும். ஆளி விதை வாங்குங்க, நாட்டு மருந்துக் கடையில கெடைக்கும். கால் கப் விதைக்கு ரெண்டு கப் தண்ணி, சின்ன தீயில கிண்டிக்கிட்டே இருக்கணும், பத்து நிமிசத்துல வழுவழுன்னு நூலா இறங்குத பதம் வரும், உடனே இறக்கி சூட்டோடயே பழைய வேட்டித் துணியில வடிகட்டணும், ஆற விட்டீங்கன்னா துணிய விட்டு இறங்காது. இத ஃபிரிட்ஜ்ல வச்சா ஒரு வாரம் தாங்கும். 1920, 30-கள்ல சீமையில வீட்டுல அலை வச்ச பொம்பளைங்க இதே ஆளி விதையத் தான் காய்ச்சுனாங்க, அப்பொறம் சீமை மாதுளை விதை, மரப்பிசின் எல்லாம் இருந்துச்சு. நம்ம பக்கம் செம்பருத்தி இலைய கசக்கி தாளி எடுத்து தலைக்குத் தேய்க்கோம்லா, அந்த வழுவழுப்பும் நல்லாத்தான் இருக்கும், ஆனா காஞ்ச பொறவு பிடிமானம் இல்ல, நான் பாத்துட்டேன்.

வகிடு எடுத்து, பசை தடவி, முடிய நேரா கீழ சீவிருங்க. ஆள்காட்டி விரல வகிட்டுல இருந்து மூணு நாலு சென்டிமீட்டர் தள்ளி தலையோட அழுத்தி வைங்க. விரலுக்குக் கீழ சீப்ப சொருகி முடிய முகத்துப் பக்கமா ஒரு அங்குலம் தள்ளுங்க, சீப்ப எடுக்காம அப்பிடியே வச்சிருங்க, மேடு ஒண்ணு எழும்பும், அத ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில பிடிங்க. கிள்ளி மேல இழுக்கக் கூடாது, பிடிச்சாப் போதும். பொறவு அதுக்குக் கீழ எதிர்ப்பக்கமா தள்ளுங்க. காது வரைக்கும் மூணு மேடு வந்தாப் போதும், நாலாவதுக்கு ஆசப்படாதீங்க. ஒவ்வொரு மேட்டுலயும் நீளக் கிளிப்பு போட்டு, மேல வலை கட்டி, முழுசா காயுத வரைக்கும் தொடாதீங்க. உள்ள கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கிளிப்ப எடுத்த உடனே விழுந்துரும். அடர்த்தியான முடி, நேரம் எடுக்கும், வேர்ப்பக்கம் கையால தொட்டு பாத்துட்டு தான் அவுக்கணும்.

கொக்கிரகுளம்_மைனி:

தென்காசி தங்கச்சி சொன்ன பசை விசயத்துல எனக்கும் சம்மதம் தான், மே மாசத்துக்கு அது தான் கட்டுப்படியாகும். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அத பொண்ணுகிட்ட முன்கூட்டியே காட்டிரு. பசை போட்டு காயவச்ச அலை மினுமினுன்னு தலையோட ஒட்டி இருக்கும், பாரீஸ்ல ஆடுன ஜோசபின் பேக்கர் தலை அப்பிடித் தான், அது அவங்களுக்கு எடுப்பு. பூட்டி போட்டோவுல இருக்க மார்செல் அலை அதவிட மெத்துன்னு, காதுக்கு மேல கொஞ்சம் எழும்பி நிக்கும். அதனால நான் ரெண்டையும் பிரிச்சி தான் செய்வேன்.

வகிட்டுல இருந்து மொத மேடு, நெத்தி ஓரம், அங்க தான் வேர்வை. அங்க மட்டும் ஆளி விதைப் பசை போட்டு விரல் அலை, காதுல இருந்து பின்னால சாயுத பாகத்துக்கு அயர்ன். ரெண்டும் ஒரே முடியில படக்கூடாது, பசை போட்ட ஈர முடியில அயர்ன் வச்சா வெந்துரும், நுரைச்சி பொங்கும், இத மட்டும் மறக்காத. பாகத்த கிளிப்பு போட்டு பிரிச்சிட்டு, நெத்திப்பக்கத்த மொதல்ல செஞ்சி வலை கட்டி காய விட்டுட்டு, அது காயுத நேரத்துல பின்பாகத்துல அயர்ன் வேலைய முடி.

மூணு பேரல் அயர்ன் வாங்கலாமான்னு கேட்டியே, வாங்கு. மார்செல் கையால செஞ்ச அழுத்தல அது ஒரே பிடியில செஞ்சிரும். மெல்லிசு பேரல் உள்ளதா பாத்து எடு, தடிச்ச பேரல்ல அலை அகலமா போயி இந்தக் காலத்து ஸ்டைல் மாதிரி ஆயிரும். 180 டிகிரிக்கு மேல ஏத்தாத. மொத பிடி பிடிச்சி எடுத்த பொறவு, ரெண்டாவது பிடி பிடிக்கும்போது கடைசி பேரல் பட்ட பள்ளத்துலயே மொத பேரல கொண்டு போயி உக்கார வை, அங்க தான் எல்லாரும் தப்பு விடுதாங்க, அலை நடுவுல ஒடிஞ்சி தெரியும். சூட்டோட சீப்பு போடவே போடாத. ஆறட்டும். ஆறுன பொறவு மெத்துனு நார் உள்ள பிரஷ் வச்சி ஒரே திசையில சீவு, அப்ப தான் தனித்தனி இழையா இருக்கது ஒண்ணா சேந்து ஒரே அலையா நிக்கும். பயந்துக்கிட்டு சீவாம விட்டா அது அலையே இல்ல.

எண்ணெய் விசயம் ரொம்ப முக்கியம். முந்தின நாளே தலைக்கு ஷாம்பு போட்டு குளிக்கச் சொல்லு, வேர்ப்பக்கம் கண்டிஷனர் வேண்டாம். அவிய ஆச்சி தேங்காண்ணெ வச்சி விட்டுராம பாத்துக்கோ, கல்யாண வீட்டுல யாராவது ஆசையா வச்சி விட்டுருவாங்க. எண்ணெய் இருக்க தலையில பசையும் பிடிக்காது, அயர்ன் வச்சா முடி பொரிஞ்சிரும்.

காதுக்கு மேல எழும்பி நிக்கணும்னா உள்ள ஒரு மெத்தை வேணும். மார்செல் காலத்துலயும் அதுக்குப் பொறவும், கிப்சன் பொண்ணுன்னு ஒரு ஸ்டைல் 1890-கள்ல இருந்து 1910 வரைக்கும் ஓடுச்சு, சார்லஸ் டானா கிப்சன்னு அமெரிக்க ஓவியர் வரைஞ்ச பொண்ணுங்கள பாத்து எல்லாரும் நெத்திக்கு மேல முடிய தூக்கி வச்சாங்க. அந்த உயரத்துக்கு உள்ள திண்டு வைப்பாங்க, சீப்புல வருத முடிய தினமும் ஒரு சின்ன ஜாடியில சேத்து வச்சி அதுலயே திண்டு செய்வாங்க. நம்ம ஆச்சிமாரும் உதிந்த முடிய சுருட்டி செவத்து இடுக்குல சேத்து வச்சி சவுரி கட்டுனாங்கள்ல. அதனால பொண்ணு வீட்டுல பழைய சவுரி இருந்தா நல்லா அலசி காயவச்சி எடுத்துட்டு வரச் சொல்லு, காதுக்குப் பின்னால ஒரு சின்னத் துண்டு சொருகுனாப் போதும். நிறம் கொஞ்சம் மாறியிருந்தாலும் உள்ள இருக்கதால தெரியாது.

பாளை_பார்லர்:

மைனி, இத பிரின்ட் எடுத்து கடையில ஒட்டி வைக்கப் போறேன். சவுரி அவிய வீட்டுல இருக்கு, கேட்டாச்சு. தூத்துக்குடி அண்ணாச்சி சொன்னபடி ஒரிஜினல் அட்டைய ஸ்கேன் பண்ணி பாத்தோம், ஓரமும் ஏறி இறங்கித் தான் இருக்கு, காதுக்கிட்ட நல்லாவே தெரியுது, உச்சிப்பக்கம் மினுக்கு மட்டும் பென்சில் கோடு மாதிரி இருக்கு. கடைசியா ஒண்ணே ஒண்ணு, நெட்டும் (கல்யாணப் பொண்ணு தலையில போடுத வலைத்துணி) பூவும் எங்க வைக்க? இப்ப எல்லாரும் கிரீடம் மாதிரி ஒண்ணு முன்னால வைக்காங்க, அது வச்சா மொத மேடு மறைஞ்சிரும்லா.

முறப்பநாடு_டீச்சர்:

1920-கள்ல சீமையில கல்யாணப் பொண்ணுங்க நெட்ட நெத்தி வரைக்கும் இறக்கி தொப்பி கணக்கா கட்டுனாங்க, அந்தப் படத்தப் பாத்து அப்பிடி செஞ்சிராதீங்க, நீங்க பட்ட பாடு எல்லாம் உள்ள போயிரும். அலை இருந்தா நெட்டு பின்னால தான்.

ஸ்பிரே அடிக்கும்போது ஒரு முழம் தள்ளி நின்னு லேசா, காய விட்டு இன்னொரு தடவ லேசா. கிட்ட வச்சி ஒரேயடியா அடிச்சா ஸ்பிரேல உள்ள ஈரமே அலைய அவுத்துரும்.

கொக்கிரகுளம்_மைனி:

டீச்சர் சொன்னது தான். முன்னால ஒண்ணும் வைக்காத. கொண்டைக்கு மேல்பக்கம், அலை முடியுத எடத்துல நெட்டுச் சீப்ப சொருகு. சொருகுததுக்கு முன்ன அந்த எடத்துல முடிய ரெண்டு ஊசிய குறுக்கா போட்டு கட்டிக்கோ, நெட்டு கனத்துல முடி பின்னால இழுபட்டா அலை நீண்டு நேராயிரும், சர்ச்சுல நடந்து போகும்போது தான் அது தெரியும். பூவ கொண்டைய சுத்தி மட்டும் வை, பிச்சிப்பூ அரும்பா இருக்கதா கட்டச் சொல்லு, தண்ணி தெளிச்ச சரத்த அப்பிடியே வைக்காம துணியில ஒத்தி எடுத்துட்டு வை. அந்த ஈரம் காதோரத்துல இறங்குனா செஞ்ச அலை போயிரும்.

கல்யாணத்துக்கு முன்ன பொண்ண ஒரு நாள் மத்தியானம் வரச் சொல்லி ஃபேன் இல்லாத எடத்துல வச்சி முழுசா செஞ்சி பாத்துரு, சாயங்காலம் வரைக்கும் அவுக்காம வீட்டுக்கு அனுப்பு. எந்த மேடு மொதல்ல இறங்குதோ அங்க பசைய கொஞ்சம் கூட்டிக்கோ. போட்டோ எடுத்து இங்க போடு, பாக்கணும்.